கையும் பலகையும்

உருக்கினாலான ஒரு பந்து. அதன் விட்டம் 27 மில்லிமீற்றர். நிறை ஏறக்குறைய 80 கிராம். கண்ணாடியால் மூடப்பட்ட சாய்தளம் ஒன்றின் மீது அது உருண்டு வருகின்றது. தளத்தின் அடியிற் பிளிப்பர் எனப்படும் சிறு துடுப்புகள் இரண்டு உள. பெட்டியின் இருபுறத்துப் பொத்தான்களை அழுத்துங்கால் அத்துடுப்புகள் துள்ளியெழுந்து பந்தை மேலே விரட்டுகின்றன. பந்து இரண்டிற்கும் இடையே நழுவிப் போயின் ஆட்டம் முடிந்தது. பின்போல் என்னும் விளையாட்டின் சாரம் இவ்வளவே. ஆயினும் இதன் வரலாறு அத்துணை எளியதன்று. அமெரிக்காவிற் கொட்லீப் நிறுவனம் 1947இல் வெளியிட்ட ஹம்ப்டி டம்ப்டி என்ற பொறியே இத்துடுப்புகளை முதன்முதற் கொண்டிருந்தது. அதற்கு முன்னர் ஆடுவோன் செய்யக்கூடியதெல்லாம் பெட்டியைச் சற்றே இடித்தும் அசைத்தும் பந்தின் போக்கை மாற்ற முயல்வதுதான். இது சூதாட்டமே எனக் கருதிய நியூயோர்க் நகராட்சி 1942இல் இதனைத் தடைசெய்தது. 1976இல் றொஜர் ஷார்ப் என்பவர் நகரசபையினர் முன்னிலையில் ஆடிக்காட்டி, இது கைத்திறனுக்கு உரியதென நிறுவிய பின்னரே அத்தடை நீங்கிற்று. ஒரு விளையாட்டுக்காகக் கை சாட்சி சொன்ன சந்தர்ப்பம் அது எனலாம்.

பின்னர் இப்பொறிகளும் அருகின. பெருநிறுவனங்களுள் ஒன்றான வில்லியம்ஸ் 1999இல் பின்போல் ஆக்கத்தைக் கைவிட்டது. அடுத்த ஆண்டிலேயே விஷுவல் பின்போல் என்ற கணினி நிரல் வெளிவந்தது. பழைய பொறிகளின் தளங்களை ஆர்வலர் பலர் அதன் துணைகொண்டு திரையில் மீள வரையலாயினர். சிலர் அத்துடன் அமையவில்லை. பழைய பொறியின் அளவிலேயே மரப்பெட்டி செய்து, அதன் மேற்புறத்தில் தொலைக்காட்சித் திரையைப் படுக்கையாகப் பதித்து, நின்றபடியே ஆடத் தலைப்பட்டனர். அப்போதுதான் ஒரு குறை புலப்பட்டது. திரையில் ஓடும் பந்துக்கு நிறை இல்லை. துடுப்பு எழுகின்றது, மரம் அதிர்வதில்லை. கண் நம்பியதைக் கை நம்ப மறுத்தது. எனவே பந்தும் துடுப்பும் பொய்யாகவே இருக்க, அவற்றின் ஓசையையும் அதிர்வையும் மட்டும் மெய்யாக்கும் பொருட்டு, பெட்டியினுள் மெய்யான வரிச்சுருள்களையும் மோட்டர்களையும் பொருத்தத் தொடங்கினர். பொய்யை நம்புவதற்கு இத்துணை மெய்யான செம்புக்கம்பி தேவைப்படுகின்றது என்பது சிந்தித்தற்குரியது.

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலுள்ள சிறு நகரொன்றில், வீட்டின் நிலவறையில் இத்தகைய பெட்டியொன்றை அமைத்தார் ஒருவர். தொழிலாற் கணக்காளர். மின்னியலை நூல்களிலிருந்தும் பிறர் குறிப்புகளிலிருந்தும் கற்றவர். அவருக்கு இவ்விளையாட்டின் மீது தனிப்பட்ட மோகம் ஏதும் இருந்ததில்லை. அவருடைய தந்தைக்கே இருந்தது. தந்தை தம் இளமையில் மதுச்சாலைகளிலும் உணவகங்களிலும் இருந்த பின்போல் பொறிகளைப் பழுதுபார்த்து வாழ்ந்தவர். எண்பதைக் கடந்த பின் அவருடைய விழித்திரையின் நடுப்பகுதி நலிவுற்றது. பார்வையின் ஓரங்களில் உருவங்கள் தெரியும். நேரே நோக்கும் பொருள் தெரியாது. வாசிப்பு நின்றது, பின்னர் வெளியே செல்வதும் நின்றது. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்த அவரை எழுப்பி நிறுத்துவதற்கு வேறு வழி தோன்றாமையாலேயே மகன் இம்முயற்சியில் இறங்கினார். மெய்யான பழைய பொறியொன்றை வாங்கியிருக்கலாமே என வினவலாம். பணமும் இடமும் ஒருபுறமிருக்க, தந்தை தம் காலத்திற் பழகிய பொறிகள் பல, எதனை வாங்குவது? திரையிலோ அவை யாவும் இருந்தன.

இப்பெட்டியின் நடுநாயகம் ஒரு சிறு மின்சுற்றுப் பலகை. உள்ளங்கையில் அடங்கும் அதன் பெயர் கே.எல்.25.இசெட். மாணவரும் பொறியியலாளரும் பரிசோதனைக்காகப் பயன்படுத்தும் பொருட்டு 2012இல் வெளிவந்த பலகை இது. பின்ஸ்கேப் என்னும் இலவச நிரலை இதிற் பதித்துவிட்டால் இது பின்போற் பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகையாகிவிடும். ஆடுவோன் பெட்டியை இடித்தால் அவ்விடிப்பை அளந்தறியும் உணரி இதன் மேலேயே உண்டு. ஆகவே இப்பலகைக்கு உணர்வே இல்லை எனல் பொருந்தாது. ஆனால் அவ்வுணர்வு உள்வருவதைப் பற்றியது மட்டுமே. தன்னிடமிருந்து வெளிச்செல்லும் கட்டளை எங்கே போய்ச் சேர்கின்றது, கம்பியின் மறுமுனையில் இருப்பது விளக்கா, சுருளா, மோட்டரா என்பதனை அது அறியாது. ஒவ்வொரு வெளியீட்டு வாய்க்கும் எதிரே மனிதன் எழுதிவைத்த சில குறிப்புகளை மட்டுமே அது நம்புகின்றது. அக்குறிப்பு பொய்யாயின் அப்பொய்யை மிகுந்த விசுவாசத்துடன் நிறைவேற்றும். வெளியீடுகளிற் பிழை தேடுவதென்பது, பெரும்பாலும், தான் சொன்னவற்றுள் எது பொய் எனத் தேடுவதேயாகும்.

முதல் இரவில் எதுவுமே இயங்கவில்லை. இதற்குக் காரணம் குறிப்புகள் அல்ல, கம்பி. பலகையின் முனையொன்று தரவல்ல மின்னோட்டம் சில மில்லியம்பியர் மட்டுமே. அதனால் ஒரு சுருளை நேரே இயக்க முடியாது. மொஸ்பெற் எனப்படும் திரான்சிற்றர் வகையொன்றை இடையில் வைத்து, பலகையின் மெல்லிய கட்டளையால் அதனைத் திறந்து, வேறொரு வழங்கியிலிருந்து 24 வோல்ற்று மின்னைச் சுருளினூடாகப் பாய்ச்ச வேண்டும். மகன் இவ்வாறே செய்திருந்தார். ஆனால் கணினியின் மின்வழங்கியையும் 24 வோல்ற்று வழங்கியையும் அவற்றின் பூச்சியக் கம்பிகளால் ஒன்றோடொன்று இணைக்க மறந்துவிட்டார். அழுத்தம் என்பது இரு புள்ளிகளுக்கிடையிலான வித்தியாசம். இருவர்க்கும் பொதுவான தரையொன்று இல்லாதவிடத்து ஒருவருடைய மூன்று வோல்ற்று மற்றவருக்குப் பொருளற்றது. ஒரு துண்டுக் கம்பியில் அது தீர்ந்தது. சுருள் ஒவ்வொன்றின் குறுக்கேயும் இருவாயி இட்டிருக்கின்றதா எனத் தந்தை நாற்காலியிலிருந்தே கேட்டார். இட்டிருந்தது. ஓட்டம் நிறுத்தப்படும் கணத்திற் சுருள் திருப்பித் தாக்கும் அழுத்தத்தை அவ்விருவாயி வாங்கிக்கொள்ளாவிடின் மொஸ்பெற் பழுதடையக்கூடும். கணினியுடனான இணைப்பும் அறுந்து அறுந்து போகும்.

இரண்டாம் இரவில் எல்லாம் இயங்கின. ஆனால் இடம்மாறி இயங்கின. இடது துடுப்பை அழுத்தினால் வலது துடுப்பின் சுருள் அடித்தது. வலதை அழுத்தினால் நொக்கர் அறைந்தது. நொக்கர் என்பது இலவச ஆட்டம் கிடைத்ததை அறிவிக்கும் பொருட்டுப் பெட்டியின் மரத்தில் ஓங்கித் தட்டும் சுருள். ஒவ்வொரு தடவையும் இலவச ஆட்டம் கிடைக்கும் பொறியைத் தம் வாழ்நாளிற் கண்டதில்லையெனத் தந்தை சிரித்தார். அவர் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

இவ்விடத்திற் கணக்காளரின் தொழில் கைகொடுத்தது. ஒரே சுருளுக்கு மூன்று இடங்களில் மூன்று பெயர்கள் உள்ளன. பலகையின் முனைக்கு அதன் ஆக்கியோர் இட்ட பெயர் ஒன்று. பின்ஸ்கேப் அமைப்புத்தாளில் அதற்குரிய வாய் எண் மற்றொன்று. எந்தத் தளத்தில் என்ன நிகழும்போது எந்த வாய் இயங்கவேண்டும் எனப் பலகைக்குச் சொல்லும் டைரெக்ட் அவுட்புட் என்ற நிரலின் பட்டியலிற் பதிந்துள்ள எண் மூன்றாவது. மூன்றும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. மனிதன்தான் அவற்றை ஒத்துப்பார்க்க வேண்டும். முதல்நாட் பிற்பகலில் அவர் அமைப்புத்தாளின் நடுவே புதிய விளக்கொன்றைச் செருகியிருந்தார். அதனால் அதற்குக் கீழிருந்தவை யாவும் ஓரெண் கீழே இறங்கின. டைரெக்ட் அவுட்புட்டின் பட்டியலோ பழைய எண்களிலேயே நின்றது. பேரேட்டில் ஒரு வரி நழுவினால் அதன் கீழுள்ள தொகைகள் எல்லாம் பக்கத்து ஆளின் கணக்கில் ஏறும் என்பதனை முப்பது ஆண்டுகளாக அறிந்தவர் அவர். பட்டியலைத் திருத்திப் புதிய கோப்பைப் பெற்று இட்டார். இத்தகைய பிழை அவருக்கு மகிழ்ச்சியே தந்தது எனலாம். தாளைப் பார்த்தே தீர்க்கக்கூடிய பிழை அது.

தாளைப் பார்த்துத் தீர்க்கவியலாத பிழை மூன்றாம் இரவில் வந்தது. நொக்கரை முதலில் அவர் மலிவான அஞ்சலிப் பலகை ஒன்றின் வழியே இணைத்திருந்தார். அவ்வகை அஞ்சலிகளுட் பல தலைகீழானவை: கட்டளை முனையின் அழுத்தம் தாழ்ந்திருக்கும்போது இயங்கும், உயர்ந்திருக்கும்போது ஓயும். இதற்கெனவே அமைப்புத்தாளில் ஒரு கட்டம் உண்டு. அதிற் குறியிட்டால் பலகை தன் கட்டளையைத் தலைகீழாக்கி அனுப்பும். அவரும் குறியிட்டிருந்தார், அப்போது அது சரியே. பின்னர் அஞ்சலியின் ஓசை பிடிக்காமல் அதனை நீக்கி, மொஸ்பெற் ஒன்றைப் பொருத்தினார். கட்டத்திலிருந்த குறியை நீக்க மறந்தார். மொஸ்பெற் தலைகீழானதன்று. ஆகவே நொக்கர் ஓய்ந்திருக்க வேண்டிய நேரமெல்லாம் அதன் சுருளில் முழு மின்னோட்டம் பாய்ந்தது.

பெட்டிக்கு மின் கொடுத்தபோது ஒருமுறை 'டக்' என்ற ஓசை எழுந்தது. தொடக்கத்தில் இவ்வாறு ஏதேனும் ஓசை வருவது இயல்பே என எண்ணி, மகன் திரையில் விளக்குகளின் நிறங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சில நிமிடங்கள் சென்றன. பின்னாலிருந்து தந்தையின் குரல் எழுந்தது. “பிடுங்கு” என்றார் அவர். எதைப் பிடுங்குவது என மகன் திரும்பிப் பார்ப்பதற்குள், கண் தெரியாத அம்முதியவர் நாற்காலியை விட்டு எழுந்து, சுவரைத் தடவிச் சென்று, மின்செருகியைத் தாமே இழுத்துவிட்டார். கம்பியின் வார்னிசு சூடேறும் மணத்தை மகன் அதன் பின்னரே உணர்ந்தார். பெட்டியைத் திறந்து நொக்கரைத் தொட்டபோது விரல் சுட்டது.

உருகி ஏன் அறுந்துபோகவில்லை என்பது மகனின் முதல் வினா. அதற்கு விடை எளிது. சுருளில் ஓடியது அதற்குரிய இயல்பான ஓட்டமே. அளவு மிகவில்லை, காலம்தான் மிகுந்தது. நொடியின் சிறு பகுதிக்கு மட்டுமே முழுவலு தாங்கும்படி செய்யப்பட்ட சுருளுக்கு நிமிடக்கணக்கில் அதே வலு கொடுக்கப்பட்டது. உருகி ஓட்டத்தை அறியும். இவ்வோட்டம் வரம்பைக் கடக்கவில்லை. இரண்டாவது வினா இதனிலும் கடியது. இத்தகைய ஆபத்தைத் தவிர்க்கவே பின்ஸ்கேப்பில் ஒரு காப்பு உண்டு: குறித்த நேரத்துக்கு மேல் ஒரு வாய் இயங்கிக்கொண்டிருந்தால் அதன் வலுவைத் தானே குறைத்துவிடும். நொக்கருக்கு அக்காப்பு இடப்பட்டிருந்தது. அது ஏன் தடுக்கவில்லை? பலகையின் கணக்கில் அச்சுருள் ஓய்ந்திருந்தது. ஓய்ந்திருக்கும் ஒன்றை எவ்வாறு நிறுத்துவது? எரியும் பொருளுக்கு எதிரே 'ஓய்வு' எனப் பதிந்திருந்த அந்த வரி, தன்னளவில், சிறு பிழையும் அற்றது.

தந்தை அன்றிரவு நெடுநேரம் பேசினார். பழைய பொறியில் துடுப்பின் சுருள் இரட்டைச் சுற்றுடையது என்றார். ஒன்று பந்தை விரட்டுவதற்குரிய வலிய சுற்று. மற்றையது எழுந்த துடுப்பைத் தாங்கி நிற்பதற்குரிய மெல்லிய சுற்று. துடுப்பு முழுதும் எழுந்தவுடன் அதுவே ஓர் ஆளியைத் தள்ளி, வலிய சுற்றின் ஓட்டத்தைக் குறைத்துவிடும். அங்கே காப்பு கணக்கில் இல்லை. துடுப்பின் அசைவிலேயே இருக்கின்றது. அந்த ஆளி தேய்ந்தோ வளைந்தோ போனால் சுருள் எரியும். எனவே பழுதுபார்ப்போன் பொறியைத் திறந்ததும் முதலிற் செய்வது ஒவ்வொரு சுருளையும் விரலாற் தொட்டுப்பார்ப்பது என்றார். எது சூடோ அதுவே பொய் சொல்கின்றது. மகன் அக்கட்டத்தின் குறியை நீக்கினார். நொக்கரின் சுருளையும் புதிதாக மாற்றினார். ஆயினும் இரண்டு நாள்கள் பெட்டிக்கு மின் கொடுக்கவில்லை. வீட்டில் இரவு உறங்கும் ஒரு முதியவருக்குக் கீழே, நிலவறையில், இத்தகையதொன்றை வைத்திருப்பது தகுமா என்ற ஐயம் அவரை விட்டபாடில்லை. அதனைக் கலைத்துவிடலாம் எனவும் ஒருமுறை சொன்னார். தந்தை அதற்கு விடை கூறாமல், மறுநாட் காலையிலேயே படியிறங்கி வந்து நாற்காலியில் அமர்ந்துகொண்டார். பின்னர் பெட்டிக்கென ஒரே ஆளியைப் படியின் மேற்புறத்தில் அமைத்து, ஆடாத நேரத்தில் மின் முற்றாக அறுபடும்படி செய்தனர். அதற்கு அவர்கள் நிரல் எதனையும் நாடவில்லை.

இடையில் நகைப்புக்குரிய ஒரு மாலையும் கழிந்தது. விளக்குகள் யாவும் எரிந்தன. சுருள்கள் யாவும் ஊமையாயின. பல்மானியுடன் ஒரு மணிநேரம் பெட்டியினுட் தலையை விட்டிருந்த மகன், ஈற்றில் இராநேர அமைவு இயக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அயலார் உறங்கும் வேளையில் ஆடுவோர்க்கென, ஓசையெழுப்புவன எனக் குறிக்கப்பட்ட வாய்களை மட்டும் அடக்கிவைக்கும் ஏற்பாடு அது. பெட்டியின் அடியிலிருந்த அதன் பொத்தானைத் தந்தையின் முழங்கால் அழுத்தியிருக்க வேண்டும்.

எஞ்சியது அதிர்வு மோட்டர். அதன் அச்சில் ஒருபுறம் கனத்த எடையொன்று இருப்பதால் அது சுழலும்போது பெட்டி முழுவதும் குலுங்கும். தாளில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. எண் பொருந்தியது, தலைகீழ்க் குறி இல்லை, வலுவைக் கூட்டிக் குறைக்கவல்ல முனையிலேயே அது இணைக்கப்பட்டுமிருந்தது. இப்பலகையில் அத்தகைய தனித்தனி வழிகள் பத்து மட்டுமே. அவற்றுள் ஒன்றை மோட்டருக்கெனவே அவர் ஒதுக்கியிருந்தார். சோதனைக்காக முழுவலுவைக் கொடுத்தால் மோட்டர் நன்கு குலுக்கிற்று. ஆட்டத்தின்போது அரைவலு கேட்கப்படும் இடத்திலோ மெல்ல முனகிற்று, சிலவேளை சுழலவேயில்லை. அரைவலு என்றால் அப்படித்தான் இருக்கும் என மகன் கருதினார். தந்தை பெட்டியின் பக்கப்பலகையில் உள்ளங்கையைப் பதித்து நின்றார்.

“இது பாதி இல்லை” என்றார்.

திரையிற் பாதி என்றே இருக்கின்றது என மகன் காட்ட முற்பட்டு, அவருக்குத் திரை தெரியாது என்பதை நினைந்து நிறுத்திக்கொண்டார். தந்தை மீண்டும் கையைப் பதித்தார். பாதிக்கும் மிகக் கீழே என்றார். மோட்டரைத் தொட்டுப்பார்க்கச் சொன்னார். சுழலாமல் முனகும் மோட்டர் வெப்பமேறியிருந்தது. இதற்குப் பின்னரே மகன் தாளின் கடைசிக் கட்டத்தை நோக்கினார். காமாத் திருத்தம் என்ற குறி அதில் இருந்தது. இக்குறி விளக்குகளுக்கானது. பலகை ஒரு விளக்கை மங்கச் செய்வது அதனை மிக விரைவாக ஏற்றியும் அணைத்தும். எரியும் நேரத்தின் விகிதமே ஒளியின் அளவு. ஆனால் மனிதக்கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. பாதிநேரம் எரியும் ஒளிகாலும் இருவாயி கண்ணுக்குப் பாதியாகத் தோன்றாது; ஏறக்குறைய முழு ஒளியாகவே தோன்றும். ஆதலாற் கண்ணுக்குப் பாதி எனத் தோன்றும்படி பலகை அந்த விகிதத்தை வேண்டுமென்றே குறைத்து அனுப்புகின்றது. வழக்கமாகக் கையாளப்படும் 2.8 என்ற அடுக்கை எடுத்துக்கொண்டால், பாதி கேட்கப்படுமிடத்து உண்மையிற் செல்வது ஏழில் ஒரு பங்களவே. விளக்குகளின் வரிசைக்கு ஒருங்கே குறியிடும்போது மோட்டரின் வரிக்கும் அவர் குறியிட்டுவிட்டார். அதாவது, கண்ணின் பலவீனத்துக்காகச் செய்யப்பட்ட திருத்தத்தைக் கைக்கும் செய்துவிட்டார். கையோ அத்திருத்தத்தை வேண்டி நிற்கவில்லை.

குறியை நீக்கி மீண்டும் இயக்கினார். பெட்டி குலுங்கிற்று. தந்தை கையை எடுக்காமலே சற்று நேரம் நின்று, இப்போது பாதி என்றார்; ஆனால் மிகமெதுவாகக் கேட்கப்படும் இடங்களில் இன்னமும் தொடங்கத் தயங்குகின்றது என்றார். அதுவும் உண்மையே. ஓய்விலிருக்கும் மோட்டர் அசையத் தொடங்குவதற்குக் குறைந்தபட்ச வலுவொன்று வேண்டும். டைரெக்ட் அவுட்புட்டில் அதற்கெனக் கீழ்வரம்பொன்றை இட்டு, தந்தை தலையசைக்கும்வரை சிறிது சிறிதாக உயர்த்தினர். அந்த எண்ணை எந்த நூலிலிருந்தும் அவர்கள் எடுக்கவில்லை.

பழைய பொறிகளின் உள்ளே அவற்றின் மின்சுற்று வரைபடம் மடித்து வைக்கப்பட்டிருப்பது வழக்கம். அடுத்து வரும் பழுதுபார்ப்போன் யாரென்று தெரியாத நிலையில் அவனுக்கென விட்டுச்செல்லும் கடிதம் போன்றது அது. இப்பெட்டிக்கும் அவ்வாறொன்று வேண்டுமெனத் தந்தை வற்புறுத்தினார். மகன் தாளொன்றை எடுத்து முனை, வாய், பட்டியல் எண் என மூன்று நிரல்கள் கீறினார். நான்காவது நிரலொன்றையும் கீறச் சொன்னார் தந்தை: கம்பியின் நுனியில் இருப்பது என்ன? விளக்கு, சுருள், மோட்டர். கறுப்பு மையால், விரலளவு எழுத்தில் எழுதும்படியும் சொன்னார். கண்ணின் ஓரத்தாற் பார்த்தால் அந்த அளவு தெரியும். இருபத்தாறு வரிகள் வந்தன. நான்கு தாள்களை ஒட்டி நீட்ட வேண்டியதாயிற்று. பெட்டியின் பின்கதவின் உட்புறத்தில் அவற்றைப் பதித்தபின், தந்தை முகத்தைச் சற்றே திருப்பி, ஓரக்கண்ணால் ஒவ்வொரு வரியாகப் பார்த்துவந்து, நொக்கரின் வரியில் விரலை வைத்து, அதனை மீண்டுமொருமுறை திறந்து தொட்டுப்பார்க்கச் சொன்னார். குளிர்ந்தேயிருந்தது.

பின்னர் அவர் ஆடினார். பந்து எங்கே வருகின்றது என்பது அவருக்குத் தெரியவில்லை. வலப்புறத்திற் பந்து மோதும்போது வலப்புறத்துச் சுருள் அடிக்கும் ஓசையைக் கொண்டும், கைக்குக் கீழே மரம் அதிர்ந்த விதத்தைக் கொண்டும் துடுப்பை எழுப்பினார். மூன்று பந்துகளும் இரண்டு நிமிடத்துக்குள் போய்விட்டன. இன்னொரு ஆட்டம் போடும்படி சொன்னார்.